ஒரு கருவிக்கு ஒரே ஆட்டம்

1

“மாப்பிள்ள ஆசப்பட்டுக் கேட்டிருக்காவ. ‘உங்க இஷ்டம்’னு சொல்லிட்டு எந்திரி, அவ்ளோதான்!”

“என் இஷ்டத்தத்தான கேட்டிருக்காவ, வாப்பா?”

இப்படித்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது, தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். தாராவியில் காதைப் பொத்திக்கொள்ளத்தான் முயற்சி வேண்டும், கேட்பதற்கு வேண்டாம்.

(முதலில், ‘1984, பம்பாயில் அடைமழை’ என்று தொடங்கி… மழைக்கு இதில் வேலையே இல்லை. அடித்துவிட்டேன்.)

2

தோல் பை பட்டறை அபுதாஹிரின் மகள் ரோஷனை, துபாயில் வேலை பார்க்கும் நாகூர் மீரானுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்குக் கையடக்க வீடியோ கேம் வாங்கித்தர அவனுக்கு ஆசை. எது வேண்டும் என்று கேட்டு விளம்பரத் தாளைக் கிழித்து அனுப்பியிருந்தான். அந்தக் காலத்துக் கருவியில் ஒரே ஆட்டம்தான். முட்டை பிடிப்பதை வாங்கினால் ஆயுசுக்கும் முட்டைதான்.* பதிலைக் கேசட்டில் பேசி அனுப்பவேண்டும். துபாய்க்கு ஆள் அனுப்பிய வீடுகளில் அப்போது கடிதம் எழுதியதைவிடக் கேசட்டில் பேசியதே அதிகம்.

* இந்த இடத்தில் கல்யாணத்தோடு ஒப்பிட்டு ஒரு வாக்கியம் இருந்தது. நீங்களே ஒப்பிட்டிருப்பீர்கள். எடுத்துவிட்டேன்.

3

“எனக்குக் கார் ஓட்டுறதுதான் வேணும்.”

“காரா?” அபுதாஹிர் குதித்தார். “நாளைக்கு நெசக் காரு கேப்பாளோன்னு பயந்துருவாவ, ஏட்டி!”

உம்மா ஆபிதா சமாதானத்துக்கு வந்தாள். “முட்ட பிடிக்கிறதக் கேளு. படத்துல பாரு, எம்புட்டு அடக்கமா உக்காந்திருக்கு.”

“அது கோழி, உம்மா.”

(இங்கே ரோஷனை அழவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வரவழைக்க இரண்டு பக்கம் வீணடித்தது நான்தான்.)

“மாப்பிள்ளயப் பிடிச்சிருக்கான்னு எங்கிட்ட யாரும் கேக்கல. ஆட்டம் எதுன்னு அவராவது கேட்டிருக்காரு. அதுக்கும் நீங்களே பதில் சொல்லுவியளா?”

டக்.

கேசட் தீர்ந்து பொத்தான் மேலே எழும்பியது. முதலில் சலாம் சொல்வதற்காக அழுத்திய ரெக்கார்டு பொத்தானை யாருமே நிறுத்தவில்லை; சண்டை முழுக்கப் பதிவாகியிருந்தது.

4

கேசட்டை வாங்கிப்போக வாசலில் துபாய் புறப்பட்டு நின்ற காசிம், “ஜல்தி பாய், ஜல்தி! ஃபிளைட்டு போயிரும்!” என்று கத்திக்கொண்டிருந்தான். அழித்துப் பேச நேரமில்லை. அபுதாஹிர் கேசட்டைத் திருப்பிப் போட்டார்; மகள் சார்பில் ‘உங்க இஷ்டம்’ என்று பவ்வியமாகப் பேசினார்; ‘இந்தப் பக்கம் மட்டும் கேட்கவும்’ என்று தமிழில் எழுதி ஒட்டினார்.

மாப்பிள்ளை பம்பாயிலேயே பிறந்து இந்தி மீடியத்தில் படித்தவன், தமிழ் பேசுவானே தவிர ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது என்பது, காசிம் விமானம் ஏறிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. இதில் இன்னொன்று. அங்கே அறைக்கு எட்டுப் பேர். யாருக்குக் கேசட் வந்தாலும் எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

5

முடிவு அ: அவன் கோபித்துக்கொள்கிறான், நிச்சயம் முறிகிறது, அபுதாஹிர் தலையில்… (சப்பென்று இருக்கிறது.)

முடிவு ஆ: காரோடு வந்து இறங்குகிறான், பிரியாணி… (சினிமா.)

நடந்தது: கார் ஆட்டம் பார்சலில் வந்தது. கூடவே ஒரு கேசட். “ரோஷன், ஆட்டம் எதுன்னு சொல்லிட்டீங்க. என்னைக் கட்டிக்க இஷ்டமா? நீங்க மட்டும் பேசுங்க.”

அவள் வாப்பாவையும் உம்மாவையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். தகரத்தில் காதைப் பதித்தும் எனக்குப் பலனில்லை. ஆட்டத்தை ஓடவிட்டு, அந்தப் பீப் பீப்புக்கு அடியில் பேசி முடித்துவிட்டாள். பாவி.

6

அவள் சொன்னது:

[                                        ]

நிரப்பிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றாள், அது தெருவுக்கே தெரியும். ஆனால் ஆட்டத்தைத் திருப்பித் தர அபுதாஹிர் ஆள் அனுப்பியபோது, “அது அவங்களோடது” என்று சொல்லிவிட்டானாம் நாகூர் மீரான். வேண்டாம் என்றவளிடம் ஒருத்தன் இப்படிச் சொல்லும்படி என்னதான் பேசியிருப்பாள்? நாற்பது தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். எனக்கு வரவில்லை, ஆளை விடுங்கள்.

அவன் அடுத்த வருஷம் ஆண்டாப் ஹில்லில் பெண் எடுத்தான். ரோஷன் மூன்று வருஷம் கழித்து, வடாலாவில் சைக்கிள் கடை வைத்திருந்த ஷேக் பரீத்தைக் கட்டிக்கொண்டு போனாள். கட்டிக்கிறீங்களா என்று முதலில் கேட்டது அவள்தானாம்.