நீலத் துண்டுகள்

மகள் கார்குழலி மூளைக்காய்ச்சலோடு ஐசியுவுக்குள் போன மறுநாள், துர்கா தன் கணவனிடம் கேட்டது மாற்றுப்புடவை அல்ல.

"கட்டிலுக்கு அடியில பசில் இருக்குது. பலகையோட எடுத்துட்டு வாங்க."

அருள்முருகன் அவளை உற்றுப் பார்த்தான். "புள்ள அப்படிக் கெடக்குது. உனக்கு வெளையாட்டு கேக்குதா?"

"எடுத்துட்டு வாங்க. இல்லன்னா இந்தச் செவுத்துலயே மண்டைய ஒடச்சிக்குவேன்."

கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறைகளைச் சுத்தம் செய்பவள் துர்கா. அங்கே தங்கியிருந்த பிரெஞ்சுக்காரப் பெண்மணி ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன பெட்டி அது. உள்ளே, ஒன்றோடொன்று பொருத்தினால் படமாகும் அட்டைத் துண்டுகள். மூடியில் கடலும் பாய்மரப் படகுகளும். மகளுக்கென்றுதான் கொண்டுவந்தாள். பிறகு தனக்கே அதன்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. வேலை முடிந்து அரியாங்குப்பம் வீட்டுக்கு வந்ததும் தாயும் மகளும் தரையில் குப்புறப் படுத்து, ஒரு பலகையில் துண்டுகளைச் சேர்ப்பார்கள். ஒரு துண்டு சரியாகப் போய் உட்காரும்போது, அன்றைக்கு வாங்கிய ஏச்செல்லாம் துர்காவுக்கு மறந்துபோகும்.

அருள்முருகன் பலகையை பைக்கில் கட்டி எடுத்துவந்தான். அரியாங்குப்பம் பாலம் தாண்டுவதற்குள் சேர்த்தது எல்லாம் கலைந்துபோயிருந்தது. துர்கா வராந்தா மூலையில் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினாள். தலையை நிமிர்த்தினால் ஐசியு கதவுதான் தெரியும். அதனால் அவள் நிமிரவே இல்லை.

பக்கத்தில் பாவாடை என்கிற பெரியவர். அவர் மனைவியும் ஐசியுவுக்குள் இருந்தாள்.

"எல்லாம் ஒரே நீலமா கெடக்குதே. எது எங்கன்னு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுங்க. வச்சி வச்சிப் பாக்கணும்."

அவரும் நகர்ந்து வந்து உட்கார்ந்தார். ஏர் பிடித்துக் காய்த்த விரல்களுக்குள் துண்டுகள் நிற்கவில்லை. இருந்தும் விடாமல் தேடினார். நோயைப் பற்றி இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு துண்டு பொருந்தியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

கதவு திறந்தது. "அஞ்சலாட்சி கூட வந்தவங்க யாரு?" என்றாள் நர்ஸ்.

பெரியவர் எழுந்து போனார். சற்று நேரத்தில் உள்ளிருந்து அவர் அலறல் கேட்டது. பிறகு ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடி துர்காவைக் கடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று துர்காவுக்குத் தோன்றியது. ஓடிப்போய்க் கதவை அறைந்தாள். "எம்பொண்ண காட்டுங்க! ஒருவாட்டி காட்டுங்க!" செக்யூரிட்டி பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அவளுக்கு எதையாவது பற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மறுபடி பலகையைத்தான் இழுத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்துக் காய்ச்சல் விட்டது. கார்குழலியை வார்டுக்கு மாற்றினார்கள். கண்ணைத் திறந்தாள், ஆனால் பேச்சில்லை. சுவரைப் பார்ப்பது போலவே அம்மாவையும் பார்த்தாள்.

"நாளாகும்மா. எவ்ளோன்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

துர்கா பலகையைக் கட்டில்மேல் வைத்தாள். "குழலி, படகு பாருடி. இத நீதான வைப்ப?" ஒரு துண்டை மகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். அது நழுவி விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. "ஒண்ணே ஒண்ணு வையிடி. அம்மாவுக்காக வையிடி. வையேன்டி!"

குழந்தையின் புருவம் நெரிந்தது. பலகையை ஓங்கித் தள்ளினாள். துண்டுகள் வார்டு முழுக்கச் சிதறின. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கஞ்சியோடு வந்த அருள்முருகன், துர்கா கட்டிலுக்கடியில் மண்டியிட்டு அழுதபடி துண்டுகளைப் பொறுக்குவதைக் கண்டான்.

"இன்னாடி ஆச்சு?"

"கோவம் வந்துடுச்சுங்க அவளுக்கு" என்றாள் துர்கா. "எம்மேல கோவப்படறா. வந்து பாருங்க."