முனிக் கல் நின்ற இடம்

காலையிலிருந்து விமலா ஏழு தடவை போய் முனிக் கல்லைப் பார்த்துவிட்டு வந்தாள். ஏழு தடவையும் ஆற்றுத் தண்ணீர் கல்லின் பக்கமே வந்திருக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கலும்பாங்கிற்குக் கீழே, பெர்னம் ஆற்றங்கரைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் பதினோரு குடும்பங்கள்தான் மிச்சம். மழை கொட்டினால் அவர்கள் ரேடியோவைக் கேட்க மாட்டார்கள், கைப்பேசியையும் நம்ப மாட்டார்கள். ஒருத்தர் குடை பிடித்துக்கொண்டு போய் முனியாண்டியைப் பார்த்துவிட்டு வருவார். முனியாண்டி என்பது மார்பளவு உயரத்தில் நிற்கும் ஒரு பலகைக் கல். எத்தனையோ வெள்ளம் அதன் காலடி வரை வந்து திரும்பியிருக்கிறது. முனி ஆற்றை மறித்து நிற்கிறார் என்று மூன்று தலைமுறையாக நம்பிவிட்டார்கள். நம்பியதில் தப்பும் இல்லை, கல் தன் இடத்தில் நின்றவரைக்கும்.

இப்போது அது தன் இடத்தில் இல்லை. அதன் உண்மைக் காரணம் லயத்தில் விமலாவுக்கும் அவள் புருஷன் கணேஸ்வரனுக்கும் மட்டும்தான் தெரியும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் அளவு நாடாவோடு வந்தாள். ஆற்றோரமாகவே நடந்து, செம்பனைக் காட்டுக்குள் இதே மாதிரி இன்னும் மூன்று கல்லைக் கண்டுபிடித்தாள். கோயில் தலைவர் என்பதால் கணேஸ்வரனிடம்தான் வந்து சொன்னாள். "ஐயா, இது ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசான கல்லறையோட பக்கச் சுவர். நாலும் ஒரே மட்டத்துல இருக்கு பாருங்க. ஆறு எதுவரைக்கும் ஏறும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. செத்தவங்க நனையக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்து வெச்சிருக்காங்க."

அவள் சொன்னதில் கணேஸ்வரன் காதில் விழுந்தது ஒரே வார்த்தை. கல்லறை. அங்கேதான் பொங்கல் வைத்தார்கள், அங்கேதான் மகள் திலகாவுக்கு முடியிறக்கினார்கள். சாமி பிணத்தின்மேல் நிற்கிறது என்று ஊரிடம் எந்த வாயால் சொல்வது? மறுமாதமே, கார் நிறுத்த வசதியில்லை என்று ஒரு காரணத்தைச் சொன்னார். கலசத்தில் சாமியை இறக்கி, தேங்காய் உடைத்து, தான் ஓட்டும் மண்வாரி எந்திரத்தாலேயே கல்லைத் தூக்கினார். மேட்டில், லயத்து முனையில், டைல்ஸ் ஒட்டிய மேடையில் நட்டார். தீட்டு கழிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினார். பழைய இடத்தில் துருப்பிடித்த சூலம் மட்டும் நின்றது.

அன்று மத்தியானம் பொம்பா லோரி வந்தது. டவுன் பள்ளிக்கூடத்துக்கு எல்லோரும் உடனே ஏறுங்கள் என்றார்கள் அதில் வந்த தீயணைப்புக்காரர்கள். லயத்துக்காரர் நல்லசாமி சிரித்தார். "தண்ணி இன்னும் கல்லு கிட்டயே வரல, பாஸ். வந்தா நாங்களே வருவோம் லா." நாலு மணிக்குக் கடைசியாக ஒரு நடை வருவோம், அப்புறம் பாலத்தை மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டு லோரி போனது.

வீட்டுக்குள் தூளி ஆடிக்கொண்டிருந்தது. திலகாவுக்குக் குழந்தை பிறந்து பதினெட்டு நாள். பச்சை உடம்புக்காரியை முப்பது நாள் கழியாமல் மழையில் இறக்கக் கூடாது என்று காலையில்கூட விமலாவேதான் சொல்லியிருந்தாள்.

மூன்று மணிக்கு மேல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செம்பனை மரங்களுக்கு ஊடே இறங்கிப் பழைய இடத்தைத் தேடிப் போனாள். பாதி வழியிலேயே முழங்காலைத் தண்ணீர் பிடித்தது. அதற்குமேல் போக முடியவில்லை. எதிரே ஆறு எது, காடு எது என்று தெரியவில்லை. ஆளுயரச் சூலத்தின் மூன்று முனைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து முனைகள் இரண்டும் மறைந்தன. நடுமுனை மட்டும் நடுங்கியது. விமலா அதற்குமேல் நிற்கவில்லை. திரும்பி ஓடினாள்.

கணேஸ்வரன் மேடையருகே குடையோடு நின்றார்.

"என்னாங்க, சூலமே முழுவிப் போச்சுங்க. சொல்லிடுங்க எல்லார்கிட்டயும்."

"சாமி எங்க நின்னாலும் சாமிதான் புள்ள. இங்க நின்னும் மறிப்பாரு." அவர் குரலில் தெம்பே இல்லை.

"மறிச்சது சாமியோ மேடோ, எனக்குத் தெரியாது. இந்தக் கல்லத் தண்ணி தொடுறப்ப என் பேரப்புள்ளயோட தூளியத் தொட்டிருக்கும். நீங்க சொல்லுறீங்களா, நான் சொல்லட்டா?"

அதற்குள் லோரி ஹாரன் அடித்தது. வேடிக்கை பார்க்கக் கூடிய ஜனங்களின் நடுவே விமலா போய் நின்றாள். மானம் போனால் போகட்டும் என்று தொண்டை கிழியக் கத்தினாள். "கல்லப் பாக்காதீங்க! கல்லு நின்ன எடம் எப்பவோ முழுவிருச்சு! அது கல்லறை, அதனாலதான் இவரு தூக்கியாந்துட்டாரு!"

"என்னா அண்ணி, சாமியப் போயி..." நல்லசாமி கணேஸ்வரனைப் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

கணேஸ்வரன் குடையை மடக்கினார். "ஆமா. கல்லறைதான். நான்தான் மறைச்சேன். ஏறுங்க எல்லாரும்."

யாரோ காறித் துப்பினார்கள். பக்கத்து வீட்டுக் காளியம்மா மண்ணை வாரித் தூற்றப் போனாள். கையில் வந்தது சேறுதான். ஆனால் கால்கள் ஓடத் தொடங்கிவிட்டன. விமலா மகளின் காதில் பஞ்சு அடைத்து, தலையில் துணி சுற்றி, பிள்ளையைத் தன் ரவிக்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். லோரி பாலத்தைத் தாண்டும்போது தண்ணீர் சக்கரத்தை இழுத்தது. பிள்ளை வீறிட்டது. அதுவரை வராத அழுகை விமலாவுக்கு அப்போதுதான் வந்தது.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். கல் நின்றது, கழுத்து மட்டும் சேறு பூசிக்கொண்டு. கணேஸ்வரனோடு ஒருவரும் பேசவில்லை.

வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய கோடு ஜன்னலுக்கு மேலே இருந்தது. நடுவீட்டில் தூளி அப்படியே தொங்கியது. சேலைக்குள் சேறு நிறைந்து, பிள்ளை படுத்திருக்கிற மாதிரியே அடிப்பக்கம் உப்பியிருந்தது. விமலா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கணேஸ்வரன் போய் அதைக் கழற்றப் பார்த்தார். தனியாகத் தூக்க அவரால் முடியவில்லை.

"அந்தப் பக்கம் புடி புள்ள."

அவள் பிடித்தாள். இரண்டு பேருமாக அதை முற்றத்தில் இறக்கி வைத்தார்கள். சேற்றைக் கொட்ட அவருக்குக் கை வரவில்லை.

"கல்லத் திரும்பக் கீழ கொண்டுபோயி வெச்சிரணும்," என்றார்.

"கல்லறைக்கா?"

"கல்லறைக்குத்தான்."