தீக்குச்சி செருகிய ஸட்ஜம்

1

கோபத்தில்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன் என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நண்பர் வீட்டில் ஓர் இசைத்தட்டு. எப்போதோ ராகத்தை இயந்திரத்தில் ஏற்றி நடனத் தாளத்தோடு வாசித்த ஒரு பம்பாய்க்காரருடையது, வெளிநாட்டு மறுபதிப்பு. உறையில் எழுதியிருந்தது: ‘தற்செயலாக நிகழ்ந்த அற்புதம்.’ தற்செயலாம்! இருபது வருடம் சாதகம் செய்த கை தற்செயலாகவா போகும்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் வரி: ‘பம்பாயின் கிர்காவ் முழுக்க மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் ஏக்நாத் பித்ரே தன் பழைய—’

வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளைப் படித்துப் படித்து நமக்கு ஜலதோஷம்தான் மிச்சம்.

2

பித்ரேவுக்கு எழுபத்து நான்கு வயது. (கூன் முதுகு, ஈரக் கண்கள் என்று எழுதி அடித்துவிட்டேன். பரிதாபப்படுவதற்கான ஆள் இல்லை அவர்.) சினிமா ஒலிப்பதிவுகளில் சிந்தசைசர் என்ற மின்விசைப் பலகை வாசித்தவர். 1983இல் மார்வா என்ற இந்துஸ்தானி ராகத்தைத் தாளப்பெட்டியின் துள்ளலோடு இருபத்திரண்டு நிமிடம் வாசித்து இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். யாரும் சீந்தவில்லை. மூலநாடா வெள்ளத்தில் போயிற்று. மிஞ்சியது அவருடைய பீரோவில் இருந்த ஒரே தட்டு. அதைத்தான் இப்போது பெர்லின் கம்பெனி ஒன்று மறுபடி வெளியிடப் போகிறது.

[இங்கே ஒரு குறிப்பு. மார்வாவில் ஸட்ஜத்தில், அதாவது ‘ஸா’வில், போய் உட்காரக் கூடாது. அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வர வேண்டும். அதனால் பின்னணியில் ஸட்ஜம் விடாமல் ஒலித்தால்தான் அது மார்வா. பித்ரேவுக்கு இருந்ததோ இரண்டே கைகள். ஸட்ஜ விசை மேலே எழாதபடி இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டு வாசித்தார்.]

3

கம்பெனியின் பம்பாய்ப் பிரதிநிதி முக்தா, ஒப்பந்தத்தோடு வந்து, சுத்தம் செய்த பதிவைப் போட்டுக் காட்டினாள்.

“எப்படி காகா?” (காகா என்றால் மராத்தியில் சித்தப்பா.)

“ஸா எங்கம்மா?”

“எது?”

“பின்னாடி முழுக்க ஓடுமே, அது.”

“ஓ, அந்த ங்கொய்ங்னு ஒரு இரைச்சலா? கரண்ட் கோளாறுன்னு எடுத்துட்டாங்க. மூணு வார வேலையாம்!”

முதல் வரைவில் பித்ரே இந்த இடத்தில் மௌனமாகச் சன்னல் பக்கம் திரும்பினார். சுத்தப் பொய். ஒலிப்பதிவுக் கூடங்களில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர் மௌனமாக இருப்பாரா?

“இரைச்சலா? அரே, அதுதாம்மா வீடு! வீட்ட இடிச்சுட்டு கதவுக்கு பாலிஷ் போட்டிருக்கானுங்க!”

“கத்தாதீங்க, பிரஷர் ஏறும்” என்றாள் அடுக்களையிலிருந்து மனைவி சுலபா.

“ஏறட்டும்! அதையும் இரைச்சல்னு எடுத்துடுவானுங்க!”

முக்தாவின் குரல் இறங்கியது. “அச்சுக்கு எல்லாம் தயாராயாச்சு காகா, உங்க கையெழுத்துதான் பாக்கி. இப்ப மாத்தச் சொன்னா வெளியீட்டையே நிறுத்திடுவாங்க. அப்புறம் உங்க வாசிப்ப யாருமே கேக்கப் போறதில்ல.”

அவள் சொன்னது உண்மை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

4

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறார். உலகமே ஆடுகிறது, மார்வா அல்லாத ஏதோ ஒன்றுக்கு.

முடிவு ஆ: ஒப்பந்தத்தைக் கிழிக்கிறார். நீங்களும் நானும் கைதட்டுகிறோம். தட்டு மறுபடி பீரோவுக்குள் போகிறது.

முடிவு இ: பெர்லின்காரர் மன்னிப்புக் கேட்டு— போதும், எனக்கே சிரிப்பு வருகிறது.

5

நான் இப்படித் திண்டாடிக்கொண்டிருக்க, பித்ரே என்னைக் கேட்காமலே எழுந்துவிட்டார். பொழுது சாயும் நேரம், மார்வாவின் நேரம். சிந்தசைசரை மூடியிருந்த துணியை விலக்கினார். சாமி விளக்குக்குப் பக்கத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்து, ஸட்ஜ விசையை அழுத்தி, ஒரு குச்சியைச் செருகினார். அறை முழுக்க ஸட்ஜம் நிறைந்தது. அதன்மேல் வலது கை ஸட்ஜத்தைத் தொடாமல் சுற்றத் தொடங்கியது. முக்தாவின் முகம் மாறியது.

“கேட்டியா? இப்ப அந்தக் குச்சிய உன் கையால உருவு. உருவிட்டுப் பேப்பரக் குடு. எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்.”

முக்தா கையை நீட்டினாள். குச்சிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அது நிற்கிறது.

எழுதுகிறவன் நான். அந்தக் கையை நகர்த்த ஒரு வரி போதும். எழுத மாட்டேன். உருவித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால் நீங்களே உருவிக்கொள்ளுங்கள். உருவிவிட்டு, தற்செயல் என்று மட்டும் சொல்லாதீர்கள்.