நடுவில் இருந்த நெல்

"டேய் கவி, நீ திருப்பூர் போயிட்டா நான் யார் கையப் புடிச்சிக்கினு சுத்தறது?"

"பம்புசெட்டு ரூம்பு கம்பியப் புடிச்சிக்கினு சுத்து."

அருள்மொழி சிரிக்கவில்லை. களமருதூர் ஊர்க்களத்தில் பனி இன்னும் விலகவில்லை. நடுவில் நெல் அம்பாரம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. வெயில் ஏறியதும் அதைப் பரப்பிக் காயவைப்பார்கள். அதுவரை களத்தின் ஓரம் இவர்களுடையது. கைகோத்தபடி, நாலு சக்கர ஷூவில், அம்பாரத்தைச் சுற்றிச் சுற்றிப் போனார்கள். அவளுடைய ஒன்பது வயதில் தொடங்கிய சுற்று. இப்போது அவளுக்குப் பதினாலு, அவனுக்குப் பதினைந்து. மாவட்டத்தில் ஜூனியர் ஜோடி ஸ்கேட்டிங்கில் இருப்பதே இவர்கள் ஒரு ஜோடிதான்.

டிராக்டரை நிறுத்திய பழனி கேட்டார், "இன்னா, இன்னிக்கும் மாவரைக்கிறீங்களா?"

"ஆமாண்ணே, உங்களுக்கு நாலு இட்லி ஜாஸ்தி!" என்றான் கவி.

களத்தைப் பெருக்க வந்த சாலம்மாள் மகள் அருள்மொழியைப் பார்த்துத் துடைப்பத்தை உயர்த்தினாள். "ஷூவோட நெல்லுகிட்டப் போனே, கால ஒடிச்சிடுவேன். லட்சுமிடி அது."

"போகலம்மா. அஞ்சு வருஷமாப் போனதே இல்ல."

உண்மைதான். நெல் போனால் சோளம், சோளம் போனால் உளுந்து. அந்த நடுவில் எப்போதும் ஏதாவது ஒன்று இருந்தது.

"உங்கப்பா இன்னாதான் சொல்றாரு?" என்றாள் அருள்மொழி.

"மாநிலப் போட்டியில மொத ரெண்டு ஜோடிக்குள்ள வந்து தேசியப் போட்டிக்குப் போனா, பதினொண்ணாவது இங்கியே படின்றாரு. இல்லன்னா பத்தாவது முடிஞ்ச கையோட மாமா கூட திருப்பூர் பனியன் கம்பெனி."

"அப்ப வந்துடலாம்."

"எப்பிடிச் சொல்ற?"

"எனக்கு வேற யாரு கையும் பழக்கமில்லையே."

அடுத்த சனிக்கிழமை, பி.டி. டீச்சர் அம்சவள்ளி இருவரையும் உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏற்றிச் சென்னைக்கு அழைத்துப் போனார். போட்டி இரண்டு நாள். இரண்டு நாள் மதிப்பெண்ணையும் கூட்டித்தான் முடிவு. அரங்கத்தின் மரத்தரை தண்ணீர் போல மின்னியது. விளக்குகள் அதற்குள் தலைகீழாகத் தொங்கின. சரியாக நடுவில் ஒரு நீல வட்டம்.

"ராட்டினம் அந்த வட்டத்துக்குள்ளதான் வரணும், புரியுதா?" என்றார் டீச்சர்.

ராட்டினம் என்பது இவர்கள் வைத்த பெயர். அவன் ஒரே இடத்தில் கால் ஊன்றிச் சுழல்வான். அவள் அவனுடைய ஒரு கையைப் பிடித்தபடி, தலைமுடி தரையைத் தொடும் அளவுக்குச் சாய்ந்து அவனைச் சுற்றுவாள். களத்தின் மூலையில் ஆயிரம் முறை செய்தது.

புல்லாங்குழல் இசை தொடங்கியது. கைகோத்தார்கள். வழுக்கிக்கொண்டு போனார்கள். எல்லாம் கனவு போல வந்தது. நீல வட்டத்தை நெருங்கியதும் இருவர் கால்களும் ஒன்றாக ஓரத்துக்கு வளைந்தன. மறுபடி போனார்கள், மறுபடி வளைந்தன. கடைசியில் ராட்டினத்தை ஒரு மூலையில் போய்ச் செய்துவிட்டு வணங்கினார்கள். பார்வையாளர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அன்றைய பட்டியலில் நாலாவது இடம்.

"நடுவுல இன்னா இருந்திச்சு?" டீச்சரின் குரல் ஏறியது. "பாம்பா?"

"பாம்பு இல்ல டீச்சர்."

"பின்ன?"

கவியரசன் ஷூவின் கயிற்றைப் பார்த்தபடி சொன்னான், "நெல்லு டீச்சர்."

 திருநாவலூரில் அம்சவள்ளி வீட்டிலும் களம் உண்டு. "எங்க வூட்லயும் மிதிக்க மாட்டாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மூன்று டீ வாங்கி வரப் போனார்.

மறுநாள் காலை. அரங்கத்தின் வாசலில் தங்கள் முறைக்காக நின்றார்கள்.

"அருளு, கண்ண மூடிக்கினு போயிடலாமா?"

"மூடினா இன்னும் நல்லாத் தெரியுது. தார்ப்பாய் மேல பனித்தண்ணிகூடத் தெரியுது."

"எனக்கு அதுல இருக்கிற கிழிசல் தெரியுது. திருப்பூர்ல எல்லாம் நடு காலியாத்தான் இருக்கும், இல்ல?"

அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். "டேய், அம்பாரம் இருந்த எடத்துல எங்கம்மா எப்ப காலு வெப்பாங்க?"

"எல்லாத்தையும் அள்ளின பிறகு."

"அப்ப அள்ளிடலாம்."

"இங்கியா?"

"தார்ப்பாய எடு."

அவன் ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில், "எடுத்துட்டேன். மூட்டை புடி" என்றான்.

"புடிச்சிட்டேன். நாப்பது மூட்டை. வாய் தெச்சாச்சு."

"லாரி வந்திச்சா?"

"வந்து நிக்குது. பழனியண்ணன்தான் ஏத்தறாரு."

"அவரு ஏத்தினா சாயங்காலம் ஆயிடுமே."

"ஆவல. ஏத்தியாச்சு. திரும்புது. பாலத்தாண்ட போயிக்கினு இருக்கு... போயிடுச்சு."

ஒலிபெருக்கி இவர்கள் பெயரைச் சொன்னது. தரைக்குள் வந்ததும் அருள்மொழி நேராக நீல வட்டத்தின் விளிம்புக்குப் போனாள். குனிந்தாள். உள்ளங்கையால் தரையை மூன்று தரம் கூட்டினாள். கடைசி நெல்லைக் கூட்டி எடுத்தபின் அம்மா செய்வது போல, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தரையைக் கும்பிடுகிறாள் என்று நடுவர்கள் நினைத்திருப்பார்கள்.

"சுத்தமா?" என்றான் அவன்.

"சுத்தம்."

புல்லாங்குழல் வந்தது. ஓரமாக ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. மூன்றாவதில் கால்கள் வளையவில்லை. கவியரசன் வட்டத்துக்குள் போய்க் கால் ஊன்றினான். அவள் சாய்ந்தாள். விளக்குகள் கீழேயும் தரை மேலேயும் போயின. அவனுடைய ஐந்து விரல்கள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தன. அஞ்சு வருஷமாக இவர்கள் போகாத நடுவில், காய்ந்த வைக்கோல் வாசனை அடித்ததாகப் பிறகு அவள் சொன்னாள். அவனுக்கும் அடித்ததாம்.

இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கையை விட மறந்திருந்தார்கள். பலகையில் எண்கள் ஏறின. அம்சவள்ளி இரண்டு தரம் படித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ரெண்டாவது."

டீச்சரின் போனில் அருள்மொழி அம்மாவைக் கூப்பிட்டாள்.

"இன்னாடி ஆச்சு?"

"நெல்ல அள்ளிட்டோம்மா."

"எந்த நெல்லுடி? நான் இங்க இப்பதான் அதப் பரப்பக் களத்தக் கூட்டிக்கினு இருக்கேன்."

"அது வேறம்மா."

"இன்னாவோ போ. அந்தப் புள்ள திருப்பூர் போறானா?"

"போகல."

மறுமுனையில் துடைப்பத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.  பிறகு சாலம்மாள் வழக்கமான குரலுக்குத் திரும்பினாள்.

"அப்ப நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வருவீங்க. ரெண்டாவது அம்பாரமும் கொட்டியிருக்கு, எடம் கம்மி. ஓரமா சுத்துங்க."