தூரத்து ஊரின் ஊழல்

வேலையில் இருந்தபோது காலையில் ஆபீசுக்குக் கிளம்பிப் போன மனுஷன், சஸ்பெண்ட் ஆன பிறகு அதே நேரத்துக்குக் கம்ப்யூட்டர் முன்னால் விளையாட உட்கார ஆரம்பித்தார். கரண்ட் போனால்தான் எழுந்திருப்பார். 2008-இல் கரண்ட் நன்றாகவே போனது, அதனால் சாப்பிடவாவது வந்தார்.

ராஜ்கமல் என் கணவர். சர்வேயர். சிதம்பரத்துக்கு மேற்கே மனை அளக்கப் போன இடத்தில் லஞ்ச ஒழிப்புப் போலீஸ் பிடித்தது. "பேசிக்கிட்டே இருந்தவன் என் பாக்கெட்ல பணத்தத் திணிச்சிட்டான் தமிழு" என்றார். நம்பினேன். நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில், தெருவில், காய்கறிக் கடையில் என்று போகிற இடமெல்லாம் அதையே சொல்லிச் சண்டை போட்டேன்.

என் அண்ணன் திருநாவுக்கரசு மட்டும் லேசில் மசியவில்லை. "கொலதெய்வம் கோயில்ல நீ சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு. பெரிய வக்கீலா நான் பாக்குறேன்" என்றான். நான் கோயிலில் வைத்துச் சொன்னால் அவனுக்கு அது வேதவாக்கு. எங்கள் வீரன் கோயிலில் பொய்ச் சத்தியம் செய்தால் அது பிள்ளையைத் தாக்கும் என்பார்கள். எனக்கென்ன பயம், உண்மையைத்தானே சொல்லப் போகிறேன்? ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவருக்குக் காபி கொண்டுபோனேன். திரையில், ஊர் ஊராகக் கட்டி ஆளும் அந்த விளையாட்டில், அவருடைய ராஜ்யம். தலைநகருக்குக் கடலூர் என்று பேர் வைத்திருந்தார். புதிதாக ஓர் ஊர் கட்டலாமா வேண்டாமா என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கட்டுனா என்ன?"

"ஒரு அளவுக்கு மேல ஊர் ஜாஸ்தியானா ஊழலும் ஜாஸ்தியாயிடும். இருக்குற ஊர் வருமானமும் போயிடும்."

"இந்தக் கோடியில இருக்கே, இது?"

"ஸ்ரீமுஷ்ணம். தலைநகரத்துலேருந்து தூரம். வர்றது பூரா ஊழல்லயே போவுது. கோர்ட்டு கட்டிப் பாத்தேன், கொஞ்சந்தான் கொறையுது."

ஊழலை ஒழிக்க இந்த மனுஷன் படுகிற பாட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. "கோர்ட்டு இருந்துமா அவுங்களுக்கு பயம் இல்ல?"

"தூரத்துல இருக்குறவன எவன் வந்து பாக்குறான்? எங்களையே எடுத்துக்க. இத்தன வருஷத்துல கடலூர் கலெக்டர் ஆபீஸ்லேருந்து எவன் வந்து பாத்தான்? அந்தப் பாவி போலீஸ்ல போயி சொல்லலன்னா இன்னைக்கும்..."

மவுஸ் அசையாமல் நின்றது.

"வாங்குனீங்களா?"

அவர் திரும்பவில்லை. "எல்லாரும் வாங்குறதுதான் தமிழு. நான் மட்டும் வாங்காம இருந்தா அங்க ஒக்கார முடியுமா?"

இவருக்காக நான் யார் யாரோடெல்லாம் பேச்சை விட்டிருக்கிறேன். "நாளைக்கு நான் எப்படிங்க சூடத்துல கைய வைப்பேன்?" என்றேன். அவர் மறுபடி மவுஸை நகர்த்தினார். புது ஊரைக் கட்டவில்லை. தன் ராஜ்யத்தில் மட்டும் அத்தனை ஜாக்கிரதை.

மறுநாள் கோயிலில் பூசாரி வெற்றிலையில் சூடம் ஏற்றினார். எங்கள் மகள் சுவேதா என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கை எழவில்லை. உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் இவர் முன்னால் வந்தார். ஒரு கையால் சுவேதாவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சூடத்தை அழுத்தி அணைத்தார்.

"எம் பொண்ணு மேல சத்தியம் மச்சான். நான் ஒத்தப் பைசா வாங்குனதில்ல."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிடுங்க மாப்ள, தப்பா நெனச்சிட்டேன்" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பினான். "நீ ஏதோ சொல்ல வந்தியேம்மா?"

சுவேதா அப்பாவின் உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.