அம்மன் பேரில் ஒரு லைன்

தில்லந்துறைக்கு இன்டர்நெட் வருவதற்கு முன்னால் கம்பங்கள் வந்தன. முதலில் சிவப்புக் கொம்பனி ஒழுங்கை நெடுகக் கம்பம் நட்டது. அதைக் கேள்விப்பட்ட நீலக் கொம்பனி ஒரு முழம் தள்ளித் தன் கம்பத்தை நட்டது. பச்சைக் கொம்பனி மட்டும் சும்மா இருக்குமா? ஒருவன் கம்பத்தில் இன்னொருவன் வயர் தொங்கக்கூடாதாம், போட்டியாம்! ஆக, வாவிக்கரையில் கிடந்த அந்தச் சின்ன ஊரில் வாசலுக்கு வாசல் மும்மூன்று கம்பங்கள் நின்றன. வயர் மட்டும் ஒன்றிலும் இல்லை. காகங்களுக்குத்தான் கொண்டாட்டம்.

மூன்று கொம்பனிக்கும் ஆள்பிடிக்க வந்தவன் ஒரே ஆள்தான். ஏறாவூர் றுமைஸ். சிவப்பு பனியனோடு வந்து நீலத்தைத் திட்டினான். பிறகு நீல பனியனோடு வந்து சிவப்பைத் திட்டினான். பச்சை பனியனோடு வந்து இறங்கிய அன்று, கோயில் வண்ணக்கர் சீனித்தம்பிக்குப் பொறுக்கவில்லை. கோயில் நிர்வாகம் பார்க்கிறவர் என்பதால் ஊருக்காகக் கேள்வி கேட்பதும் அவர்தான்.

"போன மாசம் நீலம்தான் உலகத்திலேயே திறமெண்டு சொன்னாயே மனே?"

"அது போன மாசத்துக்குச் சொன்னது, வண்ணக்கர் ஐயா. இந்த மாசம் பச்சைதான் உண்மையான கொம்பனி. வல்லாஹி, சத்தியமா வயரோட வந்திரிக்கன்."

உண்மையாகவே வயர் கொண்டுவந்திருந்தான். வயலும் மாடும் நிறைய உள்ள காளிக்குட்டிப் போடியாரின் வாசல் படலைக்கு முன்னால் நின்ற கம்பத்தில் ஒரு கறுப்புப் பெட்டியையும் பூட்டினான். பெட்டியில் எட்டுத் துளை. எட்டு வீட்டுக்கு எட்டு லைன் எடுக்கலாம். ஊரில் இருநூறு வீடு. ஆனால் அன்று பின்னேரமே கொழும்பில் இருந்த கொம்பனி வரைபடத்தில் தில்லந்துறைக்கு முழுசாகப் பச்சை பூசிவிட்டார்கள். ஊருக்கே ஃபைபர் கொடுத்து முடிந்ததாம்!

வேறு ஊரென்றால் முதலில் கேட்டவனுக்குக் கொடுத்திருப்பார்கள். தில்லந்துறை அப்படிப்பட்ட ஊரா? அங்கே தாய்வழியாக வருகிற குடிகள் ஏழு. கண்ணகை அம்மன் கோயிலில் வெற்றிலை வட்டா நீட்டினாலும் சரி, பிரசாதம் கொடுத்தாலும் சரி, முதலாம் குடிக்கு முதலில், ஏழாம் குடிக்குக் கடைசியில். வரிசை பிசகினால் அந்த வருஷத் திருவிழா பொலிஸ் நிலையத்தில்தான் முடியும். எனவே சீனித்தம்பி கோயிலில் கூட்டம் கூட்டி, ஏழு குடித் தலைவர்களுக்கும் ஏழு துளை என்று பிரித்தார். எட்டாவது யாருக்கு என்றதும் வந்திருந்த தலைவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டினவர்களும் உண்டு.

"அது அம்மனுக்கு" என்றார் சீனித்தம்பி.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். அன்று வீட்டுக்குப் போகும்போது அவருடைய நடையைப் பார்க்க வேண்டுமே! ஏதோ பெரிய நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டு வருகிற மாதிரி.

வினை அடுத்த நாள் தெரிந்தது. முதலாம் குடித் தலைவர் காளிக்குட்டிப் போடியார். அவரிடம் கைப்பேசியே கிடையாது. "எனக்கு இப்ப தேவையில்ல. தேவைப்படக்குள்ள முதல் நான்தான்" என்று சொல்லிவிட்டு மாடு பார்க்கப் போய்விட்டார். முதலாம் குடி பூட்டாமல் இரண்டாம் குடி எப்படிப் பூட்டுவது? இரண்டாம் குடி பூட்டாமல் மூன்றாம் குடி? சீனித்தம்பி நாலாம் குடித் தலைவர். அவருடைய துளையும் மற்றவர்களுடையதைப் போல மஞ்சள் துணி கட்டி வைத்தபடியே கிடந்தது. றுமைஸ் மட்டும் கவலைப்படவில்லை. மாத இலக்கு நிரம்ப வேண்டுமே! எட்டு லைனும் ஓடுவதாகவே கொம்பனிக்குக் காட்டிவிட்டான்.

ஓடியது அம்மனின் லைன் மட்டும்தான். வைகாசியில் அம்மன் கருவறைக் கதவு திறந்து சடங்கு நடந்தபோது ரவுட்டரை எங்கே வைப்பதென்று றுமைஸ் கேட்டான். வெளி மண்டபத்தில் வைக்கலாம் என்று யாரோ சொல்ல, சீனித்தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மன்ட பொருளை வாசலிலயா வைக்கிற? உள்ளுக்கு வை." உள்ளே வைத்தார்கள். மின்சாரம் நின்றாலும் அம்மனுக்கு லைன் நிற்கக்கூடாதென்று, சுவிசில் இருக்கிற மூன்றாம் குடித் தலைவர் ஒரு இன்வேட்டரும் லொறி பற்றரிகளும் வாங்கி அனுப்பினார். அதையும் உள்ளே வைத்தார்கள். பிறகு குளிர்த்தி பாடி, அம்மனைக் குளிர்வித்து, வழக்கம்போலக் கதவைப் பூட்டினார்கள். அந்தக் கதவு இனி அடுத்த வைகாசியில்தான் திறக்கும். ரவுட்டர் உள்ளே, ஊர் வெளியே.

ஆனாலும் வைஃபை சுவரைத் தாண்டி வந்தது. அந்த ஊரில் கைப்பேசிச் சிக்னலில் கதைக்கத்தான் முடியும், இன்டர்நெட் எடுக்காது. ஊரே மேற்குச் சுவரோரம் குந்தியிருக்கத் தொடங்கிற்று. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பக்தியா என்று கப்புகனார் கண்கலங்கினார். அம்மனுக்குப் பூசை செய்கிற அந்த மனிதருக்கு யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

அந்தச் சுவரோரத்தில் இருந்துதான் சீனித்தம்பியின் மகள் கஜானி ஒரு வேலைக்கு விண்ணப்பித்தாள். கொழும்புக் கொம்பனி, பல பெரிய கொம்பனிகளுக்கு வருகிற முறைப்பாடுகளைக் கேட்டுப் பதில் சொல்கிற வேலை. லைன் ஒழுங்காக இருந்தால் வீட்டிலேயே இருந்து செய்யலாம். இல்லாவிட்டால் கொழும்பில் விடுதி எடுத்துத் தங்க வேண்டும். கடைசி நேர்முகம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, கணினியில். அவள் புருஷன் கட்டாரில். மூன்று வயதுப் பிள்ளையைக் கொழும்பு விடுதிக்குக் கொண்டுபோக முடியாது. அந்தப் பேத்தி சீனித்தம்பியின் கையால் உருட்டிக் கொடுத்தால்தான் சோறு தின்னும். கஜானி போய்விட்டால் "அம்மா எங்க?" என்று அது கேட்கும் கேள்விக்கு என்ன சொல்வது?

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அம்மனின் லைன் செத்தது.

றுமைஸ் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தான். "லைன் நல்லா இரிக்கு ஐயா. ரவுட்டர்தான் இறுகிப்போச்சி. ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாச் சரி."

"ஓஃப் பண்ண உள்ளுக்குப் போகணுமே மனே."

"போங்களன்."

கப்புகனார் காதைப் பொத்திக்கொண்டார். சீனித்தம்பி கொம்பனியின் உதவி இலக்கத்துக்கு அழைத்தார். நெடுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண்பிள்ளை வந்தாள்.

"கணக்கு யாருட பேரில சேர்?"

"கண்ணகை அம்மன்."

"அவங்கட பிறந்த திகதியைச் சொல்லுங்க சேர்."

"அது... தெரியா மிஸ்."

"அப்ப அவங்களையே கதைக்கச் சொல்லுங்க."

"அவ ஆரோடயும் கதைக்கமாட்டா."

"சரி சேர், ரவுட்டர்ல சிவப்பு லைட் எரியுதா?"

"கதவு பூட்டியிரிக்கு. பார்க்க ஏலா."

"அவங்க எப்ப கதவு திறப்பாங்க?"

"வைகாசியில."

கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "வாடிக்கையாளர் வீட்டில் இல்லைன்னு போட்டிருக்கேன் சேர். வைகாசியில ஆள் வருவாங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?"

வீட்டில் மனைவி இராசாத்தி சும்மா விடவில்லை. "உங்கட துளை கம்பத்தில பூனை மாதிரி நித்திரை கொள்ளுது. பெத்த மகளுக்கு உதவாத குடித் தலைவர் என்ன தலைவர்?" மனைவி சொன்னதில் ஒரு பொய்கூட இல்லையே!

புதன்கிழமை விடியவே றுமைஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். மண்டபத்து மெயின் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் ரவுட்டர் நிற்காது, இன்வேட்டர் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒலிபெருக்கிக்காக மண்டபத்தில் இருக்கிற பிளக் பலகை, அதே இன்வேட்டரில் இருந்துதான் வருகிறது. அதில் பாரமான சாமான்களை மாட்டினால் இன்வேட்டர் தாங்காமல் விழும். ரவுட்டரும் சேர்ந்து விழும். கதவு திறக்கத் தேவையில்லை. கப்புகனாரும் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

செய்தி பரவியது. ஊரே சாமான்களோடு கோயிலுக்கு வந்தது. கஜானி மடிக்கணினியோடு மேற்குச் சுவரோரம் உட்கார்ந்தாள். றுமைஸ் மெயின் சுவிட்சை நிறுத்தினான். பெரிய இஸ்திரிப்பெட்டியோடு ஓடிவந்த ஏழாம் குடிக்காரர் அதை மாட்டப் போனார். கூட்டத்தில் இருந்து ஒரே அதட்டல்!

"கோயில்ல முதல் மாட்டுற ஆர்?"

வரிசை வந்துவிட்டது. முதலாம் குடிக்கு ஆள் அனுப்பினார்கள். போடியார் ஆறுதலாக வந்தார். கையில் மின்னேற்றுகிற ஒரு டோர்ச் லைட். அதை மாட்டி, ஒரு தரம் கும்பிட்டு, ஒதுங்கி நின்றார். இன்வேட்டருக்கு அது தூசு. இரண்டாம் குடி ஒரு மேசை விசிறி. மூன்றாம் குடித் தலைவர் சுவிசில். அவருடைய தங்கை வந்து வானொலியை மாட்டினாள். அது பாடியது. சீனித்தம்பி கிரைண்டரை மாட்டினார். வேண்டுமென்றே உளுந்தும் போட்டார். அப்போதும் அந்த நாசமாய்ப்போன இன்வேட்டர் அசையவில்லை. ஐந்தாம் குடியின் சோற்றுக் குக்கரும் ஆறாம் குடியின் கேத்தலும் கொதித்தன. பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்க, ஏழாம் குடியின் இஸ்திரிப்பெட்டிக்கு முறை வந்தது. மாட்டினதும் உள்ளே "டப்" என்று ஒரு சத்தம். வானொலி நின்றது.

றுமைஸ் மெயின் சுவிட்சைப் போட்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கஜானியின் கணினியில் லைன் வந்தது.

"வந்துட்டு அப்பா!"

அவளுக்கு மட்டுமா வந்தது? ஒரு இரவு முழுக்கக் காய்ந்து கிடந்த கைப்பேசிகள் அத்தனையும் சேர்ந்து கிணுகிணுத்தன. கட்டாரில் இருந்து வந்த குரல்செய்தி, கனடாக் கலியாண வீடியோ, எல்லாம் கொட்டத் தொடங்கின. கணினியில் தெரிந்த, நேர்முகம் எடுக்கிற கொழும்பு அம்மாவின் முகம் வாயைப் பாதி திறந்தபடி உறைந்துபோனது.

"எல்லாரும் போனை நிப்பாட்டுங்க! என்ட புள்ளைக்கு இன்டர்வியூ!" என்று சீனித்தம்பி கத்தினார், கெஞ்சினார். தலையாட்டினார்கள். நிறுத்தினவர் ஒருவரும் இல்லை.

கணினியில் ஒரு வரி மட்டும் வந்து விழுந்தது. இரண்டு மணிக்கு இன்னொரு தரம் பார்ப்போம், அப்போதும் லைன் இப்படியென்றால் கொழும்புக்குத்தான் வர வேண்டும். கஜானி அழவில்லை. கணினியை மூடிவிட்டு, "விடுங்க அப்பா, நான் போறன். புள்ளையப் பாத்துக்கொள்ளுங்க" என்றாள். அதைக் கேட்க அவருக்குத் தாங்கவில்லை.

சீனித்தம்பி தோள் துண்டை உதறிக் கட்டினார். "றுமைஸ், ஏணிய எடு. என்ட துளையைத் திற."

"வரிசை ஐயா?"

"வரிசையும் மண்ணாங்கட்டியும்! நீ எடு."

கம்பத்தடிக்குப் போனால், அங்கே போடியார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். பின்னால் பாதி ஊர். பொலிஸுக்கு இப்போதே சொல்லிவிடலாமா என்று யாரோ கேட்டார்கள்.

"என்ன தம்பி, எனக்கு முதல் பூட்டப் போறயோ?"

"ஓம் போடியார் அண்ணே. வண்ணக்கர் வேலையை வேணுமெண்டா எடுத்துக்கொள்ளுங்க. என்ட மகள் கொழும்புக்குப் போயிட்டா அந்தச் சின்னது ஏங்கிப்போகும். நானும்தான்."

சொல்லிவிட்டு அழுதுவிட்டார். ஊருக்கு முன்னால் அப்படி அழுததற்காக அவர் பிறகும் வெட்கப்படவில்லை. போடியார் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். மஞ்சள் துணிகளைப் பார்த்தார்.

"இத நேரத்தோட சொல்லியிரிக்கலாமே மடையா. வரிசையை உடைக்க நான் விடமாட்டன். டேய் றுமைஸ், எனக்கு முதல் பூட்டு."

"உங்களிட்ட போனே இல்லையே போடியார்?"

"மாட்டுக் கொட்டிலுக்குப் பூட்டுடா."

பூட்டினான். முதலாம் குடியின் வயர் கொட்டில் தூணில் சுற்றப்பட்டது. நுனி வைக்கோலுக்கு மேல் தொங்கியது. அதைக் கண்ட இரண்டாம் குடிக்காரர், "எனக்குக் கோழிக்கூட்டுக்கு" என்றார். மூன்றாம் குடியின் வீடு பூட்டிக் கிடந்ததால் வயரைப் படலையில் கட்டினார்கள். தங்கை சுவிசுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். பிறகுதான் நாலாம் குடி. றுமைஸின் பையில் இருந்த ரவுட்டர் கஜானியின் மேசைக்கு வந்தது. லைன் ஏற்கனவே ஓடுவதாகக் கொம்பனிக் கணக்கில் இருந்ததால் மாட்டின உடனேயே பச்சை லைட் எரிந்தது. அவன் சொன்ன பொய் ஒன்று முதல் தடவையாக யாருக்கோ உதவிற்று.

இரண்டு மணிக்குக் கஜானியின் அறைக் கதவுக்கு வெளியே பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சீனித்தம்பி காது கொடுத்தார். மகளின் குரல் ஓரிடத்திலும் அறுபடவில்லை. வேலை கிடைத்தது.

அம்மனின் லைன் அன்று பின்னேரமே மறுபடி இறுகிவிட்டது. யாருக்கும் குக்கர் சுமக்கத் தெம்பில்லை.

கஜானிக்கு முதல் நாள் வேலை. உள்ளறையில் ஹெட்செட்டோடு அவள் இருக்க, முற்றத்தில் சீனித்தம்பி பேத்திக்குச் சோறு உருட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கைப்பேசி அடித்தது.

"வணக்கம் சேர். கண்ணகை அம்மன் பேரில இருக்கிற லைன் சம்பந்தமாக் கதைக்கிறம்."

உள்ளறையிலும் அதே குரல். பேத்தி வாயைத் திறந்தபடி அங்கும் இங்கும் பார்த்தது. எல்லா அழைப்பும் பதிவாகும் என்று மகள் சொல்லியிருந்தது ஞாபகம் வர, மகளென்று காட்டிக்கொள்ளாமல் சீனித்தம்பி எழுந்து நின்றார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"சொல்லுங்க மிஸ்."

"ரவுட்டரை ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ண ஏலுமா சேர்?"

"ஏலா மிஸ். வைகாசி வரைக்கும் ஏலா."

"பரவாயில்லை சேர்." குரல் சிரிப்பை அடக்கியது. "வேற ஏதாவது உதவி வேணுமா?"

"ஒண்டும் வேணாம் மகள். சோறு ஆறுது, வந்து சாப்பிடு."