தென்னங்கன்றுக்குப் போட்ட உப்பு

விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு பொம்பளை தன் வீட்டு வாசலைப் பெருக்கினால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வாசலை அப்படியே விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தார்ரோடு வரைக்கும் ஓடும் கொல்லைப் பாதையை ஒருத்தி மூச்சு வாங்கப் பெருக்கினால் கட்டாயம் கேட்பார்கள். நல்லவேளை, கமலவேணியை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி முடிந்திருக்கும்.

புழுதியில் மான் குளம்புகள் குறுக்கும் நெடுக்குமாகப் பதிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே இட்லி இட்லியாக வேறொரு அடி. நாலு விரல், பின்னால் அகலமான உள்ளங்கால். நகம் இல்லை. நாய் நடந்தால் நகம் பதியும் என்பது மலையடிவாரத்தில் பிறந்தவளுக்குத் தெரியாதா? கமலவேணி அந்த அடிகளின் மேலேயே விளக்குமாற்றை வீசி வீசி இழுத்தாள்.

பத்து நாளாக அவர்கள் ஊரான கொல்லைமேட்டில் சிறுத்தை நடமாட்டம். முதலில் இரண்டு நாய் காணாமல் போயின. அப்புறம் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாவின் சினையாடு போனது. ஊரே கூடிப் போய்க் கத்தியதில், வனத்துறைக்காரர்கள் அன்றைக்குச் சாயந்திரம் கூண்டு கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் அது எந்த வழியாக வந்து போகிறது என்று தடம் பார்க்க ஏழு மணிக்கு ஆள் வருவான். கமலவேணியின் அவசரம் அதுதான்.

சிறுத்தையைக் காப்பாற்ற அவளுக்கு ஒன்றும் ஆசை இல்லை. அது மானைத் தேடி வந்தது, மான் உப்பைத் தேடி வந்தது, உப்பு அவள் கொண்டுவந்தது.

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத்தோல் குடோனில் பதினெட்டு வருஷமாக அவள் உப்பு தட்டுகிறாள். கெட்டுப்போகாமல் இருக்க உப்பு போட்டு அடுக்கி வரும் ஆட்டுத்தோலை ஒவ்வொன்றாக உதறவேண்டும். உதிர்ந்த உப்பை மூட்டை கட்டித் தனி ஷெட்டில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மண்ணும் தண்ணீரும் கெட்டுப்போகும், ஒரு பிடிகூட வெளியே போகக்கூடாது என்று கேட்டில் சிவப்பு எழுத்தில் போர்டே தொங்கியது. போன வருஷம் சைக்கிளில் ஒரு பை கட்டிக்கொண்டு போனவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் தென்னைக்கு உப்பு வைக்காதவர்கள் இந்தப் பக்கத்தில் யார்? புருஷன் போனபிறகு அவள் ஆசைப்பட்டு வைத்தது எட்டு தென்னங்கன்று. மலைமலையாக உப்பு கிடக்கும்போது கடையில் போய் வாங்குவானேன் என்று, சாப்பாட்டுப் பையில் தினம் இரண்டு பிடி போட்டுக்கொண்டு வந்தாள். மூன்று மாசமாக. அந்தப் பையைத் திறந்து பார்க்க வாட்ச்மேனுக்குத் தைரியம் கிடையாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு போ போ என்பான்.

உப்பு உப்புதானே என்றுதான் நினைத்தாள். அதில் ரத்தமும் கொழுப்பும் ஊறியிருந்தது அவள் மூக்குக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருஷம் அந்த நெடிக்குள்ளேயே நின்ற மூக்கு அது, பாவம், எப்போதோ செத்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி முந்தானையால் மூக்கை மூடினால்தான் தன்மேல் நாற்றம் அடிப்பதே அவளுக்கு ஞாபகம் வரும். மகள் தமிழினி மட்டும் ஒருநாளும் முகம் சுளித்தவள் இல்லை. அந்தக் கை உருட்டிக் கொடுத்த சோற்றைத்தான் அவள் சின்னதில் வாங்கித் தின்றாள்.

அந்த மகளை அவள் பெருக்குவதற்கு முன்பே ஷூ கம்பெனி வேனுக்கு அனுப்பியிருந்தாள்.

“ஏரிக்கர மேலயே போ. கொல்ல வழியா போவாத.”

“அது சுத்து வழிமா. இது கிட்டம்தானே?”

“சொன்னா கேளு, வாயாடாத.”

தமிழினி முணுமுணுத்துக்கொண்டே ஏரிக்கரைப் பக்கம் போனாள்.

ஏழு மணிக்கு வந்தவன் பேர் சதீஷ்குமார். நாட்றம்பள்ளிக்காரன். வேட்டைத் தடுப்புக் காவலராகத் தற்காலிக வேலை. காக்கிச் சட்டை, கையில் மூங்கில் கழி. தரையைப் பார்த்தே பேசுகிற ஆள். கொல்லைக்குக் கீழே இருக்கும் ஓடை மணலில் குந்தி உட்கார்ந்து, ஒரு அடியை ஓலைத்துண்டால் அளந்தான்.

“பொட்டைக்கா இது. முன்னங்கால் பதிஞ்ச எடத்துலயே பின்னங்கால வெச்சி நடக்குது பார். வெளும்பு இன்னும் ஒடையல. ராத்திரி போனதுதான். இங்கருந்து எங்க ஏறிச்சின்னுதான் பாக்கணும்.”

அவன் ஓடையிலிருந்து மேலே ஏறி நேராகக் கொல்லைக்குள் வந்தான். கமலவேணி பின்னாலேயே போனாள். பெருக்கிய பாதையைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“இன்னாக்கா, கொல்லையெல்லாம் பெருக்கி வெச்சிருக்க? வூட்ல கல்யாணமா?”

“முள்ளு கெடந்துச்சி தம்பி. பொண்ணு நடக்கற வழி.”

அவன் தலையை ஆட்டினான். தென்னங்கன்றுகளுக்கு நடுவே வந்தபோது மூக்கை உறிஞ்சினான். இரண்டாவது தரமும் உறிஞ்சினான்.

“இன்னாமோ கவிச்சி அடிக்குதே.”

கமலவேணி தயங்கவே இல்லை. “எம்மேலதான் தம்பி. தோல் குடோன்ல வேல செய்யறேன்.”

பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. “ஐயோ, தப்பா நெனச்சிக்காதக்கா” என்று நாலு எட்டு தள்ளிப் போனான். அப்போதுதான் அவள் பார்த்தாள். மூன்றாவது கன்றின் ஓரத்தில் ஒரு அடி பெருக்குவதற்குத் தப்பிப்போய் அச்சுக் குத்தியதுபோல் கிடந்தது. அவன் திரும்பினான். கமலவேணி ஒரு எட்டு முன்னால் வைத்து அதன்மேல் நின்றுகொண்டாள். செருப்பில்லாத காலுக்குக் கீழே அந்த மண் குளிர்ந்து கிடந்தது. அவன் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும்வரை அவள் காலை எடுக்கவில்லை.

ஏரிக்கரைச் சேற்றில் அவனுக்குப் பழைய அடி ஒன்று கிடைத்தது. போதாதா?

“கொல்லையில ஒண்ணுமில்லக்கா. அது ஏரிக்கர மேலதான் போவுது. கூண்ட அங்க வெச்சிடலாம்.”

அப்பாடா என்று இருந்தது கமலவேணிக்கு. கூண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு கூடை மண்ணை வெட்டி எடுத்துப் புதைத்துவிட்டால் மானும் வராது, அதுவும் வராது. வேலையும் தப்பித்தது. அந்த நினைப்பிலேயே பஸ் ஏறினாள். புத்தி என்று ஒன்று இருந்ததே, அது அன்றைக்கு எங்கே போனதோ!

சாயந்திரம் அஞ்சு மணிக்குக் கெங்கம்மா போன் பண்ணினாள்.

“கூண்டு வந்துடுச்சி கமலா. ஏரிக்கரைய கயிறு கட்டி மூடிட்டாங்க. ஒருத்தரும் அந்தப் பக்கம் போவக்கூடாதாம். இனிமே ரோட்டுக்குப் போறதுன்னாலும் வர்றதுன்னாலும் உன் கொல்ல வழிதானாம். அதான் பத்திரமாம்.”

கமலவேணியின் கையிலிருந்த தோல் நழுவித் தரையில் விழுந்தது.

தமிழினிக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். ஷிப்ட் முடிகிறவரை கம்பெனி லாக்கரில்தான் அவள் போன் இருக்கும். மறுபடி போட்டாள், மறுபடியும் அதே குரல். வேன் ஆறரைக்கு வரும், அப்போது இருட்டு கவிய ஆரம்பித்திருக்கும்.

“பாய், நான் போவணும்.”

மேஸ்திரி ஆபித் பாஷா கணக்குச் சீட்டிலிருந்து தலை தூக்கவில்லை. “லோடு நிக்குதும்மா, பேஜார் பண்ணாத.” அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தார். “போ, போ. நான் பாத்துக்கறேன்.”

பஸ்ஸுக்கு நிற்காமல் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். வழியெல்லாம் போன் போட்டுக்கொண்டே வந்தாள். அதே சுவிட்ச் ஆஃப், லாக்கரிலிருந்து எடுத்தவள் ஆன் பண்ண மறந்துவிட்டாளோ? கொல்லைமேட்டு நிறுத்தத்தில் இறங்கியபோது ஆறு இருபது. ஏரிக்கரை திரும்பும் இடத்தில் கயிற்றுக்குப் பக்கத்தில் சதீஷ்குமார் நின்றிருந்தான்.

“தமிழினி வந்தாளா?”

“இன்னிக்கு வேன் சீக்கிரமே வந்துடுச்சிக்கா. மத்தப் பொண்ணுங்கள அண்ணன் தம்பிங்க வந்து வண்டியில இட்டுனு போய்ட்டாங்க. உம்பொண்ணு ஏரிக்கர பக்கம்தான் வந்துச்சி, நான்தான் திருப்பி கொல்ல வழியா அனுப்பிவெச்சேன். இப்பதான், அஞ்சு நிமிசம் இருக்கும்.”

கமலவேணி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். “அது கொல்லையிலதான் வருது தம்பி. தெனம் அங்கதான் வருது. அடியெல்லாம் நான்தான் பெருக்கிட்டேன். அந்தக் கவிச்சி எம்மேல இல்ல, உப்பு, கன்னுங்களுக்கு தோல் உப்பு போட்டேன். வா தம்பி, வா!”

அவன் கழியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு ஓடினான்.

காலையில் கன்றுகளைத் தாண்டி யாரும் வராததால், ரோட்டுப் பக்கம் கொல்லைப் பாதை அவள் பெருக்கியபடியே கிடந்தது. மாவு சலித்ததுபோல் வழவழவென்ற புழுதி, அதன்மேல் ஒரே ஒருத்தியின் காலடி. அலை அலையாகக் கோடு, நடுவில் ஒரு நட்சத்திரம். அந்த ஷூவின் அடிப்பாகத்தைத் தமிழினிதான் தன் செக்‌ஷனில் ஒட்டுகிறாள். தையல் கோணிய ஜோடி ஒன்றை ஆசையாக வாங்கிவந்து ஆறு மாசமாக அதையேதான் போடுகிறாள்.

“இதுதான், இது அவளுதுதான்.”

“கத்தாதக்கா. எம்பின்னாடியே வா.”

இருபது அடி போனார்கள், முப்பது அடி போனார்கள். நட்சத்திரங்கள் அமைதியாக, ஒரே அளவு இடைவெளியில் போய்க்கொண்டிருந்தன. எதையோ நினைத்துக்கொண்டே நடந்திருப்பாள். எங்கேயோ ஆள்காட்டிக் குருவி விட்டுவிட்டுக் கத்தியது. சதீஷ்குமார் சட்டென்று குனிந்தான். டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது.

நட்சத்திரத்தின்மேல் நாலு விரல் பதிந்திருந்தது.

மகளின் காலடிக்கு மேலே அந்த அடி. அப்படியானால் அவள் போனபிறகு அது போயிருக்கிறது, அவளுக்குப் பின்னாலேயே. இதை அவன் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. மாரியாத்தா, என்னை எடுத்துக்கோ, என் குழந்தையை விட்டுடு என்று கமலவேணியின் மனசு அலறியது.

அடுத்த நட்சத்திரத்தின்மேலும் அடி இருந்தது. அதற்கடுத்ததில் பக்கவாட்டில் விலகி இருந்தது, அப்புறம் மறுபடி மேலே. அது அவசரப்படவே இல்லை.

தென்னங்கன்றுகளுக்கு நடுவே வந்ததும் தடம் குழம்பியது. தமிழினி அங்கே நின்றிருக்கிறாள். இரண்டு ஷூவும் பக்கத்தில் பக்கத்தில் ஆழமாகப் பதிந்திருந்தன, நுனி வந்த வழியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஆக, அவள் திரும்பி அதைப் பார்த்துவிட்டாள். மண் பறந்த இடம் ஒன்று. கொஞ்சம் தள்ளி நாலைந்து சொட்டு ரத்தம். கமலவேணி அங்கேயே மடிந்து உட்கார்ந்துவிட்டாள்.

“எழுந்திரிக்கா.” அவன் தரையையே தடவிக்கொண்டு போனான். “இங்க பார். இங்க ஷூவுல குதிகால் பதியல, நுனி மட்டுந்தான் இருக்குது. ஓடியிருக்கு உம்பொண்ணு. இதுமேல அடி இல்லக்கா. எழுந்திரு, வூட்டுப் பக்கம்தான் போயிருக்கு!”

அவள் எழுந்து ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. இரண்டு கையாலும் அடித்தாள். உள்ளே சத்தமே இல்லை.

“தமிழு! தமிழு! அம்மாடி!”

தாழ்ப்பாள் விலகியது. தமிழினி கையில் அம்மிக்குழவியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கமலவேணி அவளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. வாய்விட்டு அழுதாள்.

“பின்னாலயே வந்துச்சிமா. குருவி கத்திச்சின்னு திரும்பனா, நிக்குது. என்னையே பாக்குது. எனக்குக் கத்தக்கூட வர்ல. அப்ப கன்னுகிட்ட இருந்து ஒரு மான் எகிறிச்சி. அது என்னத் தாண்டிப் போய் மானப் புடிச்சிச்சி. அதோட காத்து எம்மேல பட்டுச்சிமா.” அவள் கொல்லைப் பக்கம் பார்த்தாள். “நம்ம கொல்லைக்கு மான் எதுக்கு வருது?”

“உப்பு நக்க வருது. நான்தான் குடோன்லருந்து கொண்டாந்து போட்டேன்.”

வாசலில் நின்றிருந்த சதீஷ்குமார் தொண்டையைக் கனைத்தான். “விடுக்கா. பொண்ணு தப்பிச்சிச்சே, அதுவே போதும். மண்ண வெட்டி எட்த்துடு. காத்துல தடம் அழிஞ்சிப்போச்சின்னு நான் எழுதிக்கறேன்.”

தமிழினி அம்மாவைப் பார்த்தாள். “காத்தா? காலைல நீ பெருக்கனயா?”

“பெருக்கனேன்.”

“பெருக்கறப்ப அது அடி இருந்துச்சா?”

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. கமலவேணி அந்த நொடியை விட்டுவிட்டாள்.

“இருந்துச்சி. பாத்துட்டுத்தான் பெருக்கனேன்.” அவன் பக்கம் திரும்பினாள். “காத்துன்னு எழுதாத தம்பி. தொடப்பத்தால நான்தான் பெருக்கனேன்னு எம்பேரப் போட்டே எழுது. வேல போனா போவட்டும்.”

மகள் குழவியைக் கீழே வைத்தாள். அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிடக் கமலவேணி கையை நீட்டினாள்.

தமிழினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கைய எடும்மா. நாத்தம் அடிக்குது.”

கமலவேணி கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்சநேரம் கழித்து அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.